காய் விட்ட பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அண்மையில் எங்கள் மாவட்டத்தில் நடைபெற்ற புத்தகத் திருவிழாவில், குழந்தை நூல்கள் விற்கும் ஓர் அரங்கின் முன்னால், ஆறு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி ஒரு படக்கதைப் புத்தகத்தின் ஒரே பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கத்தில் எழுத்தே இல்லை. மழை பெய்யும் தெருவைப் பார்த்தபடி திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பையனின் படம் மட்டுமே இருந்தது. அவளுடைய தாயார் புத்தகத்தை வாங்கிப் புரட்டிவிட்டு, "மொத்தமே இருபது வரிதான் இருக்கு, கடைசியில நீதியும் இல்ல, இதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டு அதைத் திரும்ப வைத்தார். பிறகு நூறு நீதிக் கதைகள் அடங்கிய கனமான தொகுதி ஒன்றை வாங்கி மகள் கையில் கொடுத்தார். அந்தத் தாயாரை நான் குறை சொல்ல மாட்டேன். 31 ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்த நானும், பணிக்காலத்தின் முதல் பாதியில் அவரைப் போலத்தான் எண்ணியிருந்தேன். கதை என்றால் அதன் முடிவில் பிள்ளை கையில் எடுத்துச் செல்ல ஒரு நீதி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இருந்ததில்லை. அந்த எண்ணத்தை மாற்றியவர்கள் என் வகுப்புப் பிள்ளைகள். நட்பையும், நட்பு முறிவையும், சொல்ல முடியாத துயரத்தையும் பேசுகிற படக்கதைப் புத்தகங்கள் நம் பள்ளிகளிலும் நூலகங்களிலும் பிள்ளைகளின் கைக்கு எட்ட வேண்டும் என்பதையும், அவற்றின் வாலில் நாம் நீதியைக் கட்டித் தொங்கவிடக் கூடாது என்பதையும் வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தின் வடபகுதியில், கடலோரச் சிற்றூர் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் வேலை பார்த்தேன். அம்மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மீண்டும் பள்ளி திறந்தபோது என் இரண்டாம் வகுப்பில் சில இடங்கள் காலியாக இருந்தன. வந்திருந்த பிள்ளைகள் அழவில்லை, சண்டை போடவில்லை, பேசவும் இல்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கூட்டல் கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன், அவர்கள் பார்த்து எழுதினார்கள். உதவிப் பொருள்களோடு வந்த தொண்டர் ஒருவர் விட்டுச்சென்ற அட்டைப் பெட்டியில் சில படப் புத்தகங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, கூட்டிலிருந்து விழுந்துவிட்ட ஒரு காக்கைக் குஞ்சைப் பற்றியது. ஒரு பிற்பகல், வேறு எதுவும் தோன்றாமல், அதை வாசித்தேன். நான்காம் பக்கத்தில் கூடு இருந்த கிளை மட்டும் வெறுமையாக வரையப்பட்டிருக்கும். அங்கே வந்ததும், தங்கையை இழந்திருந்த ஒரு பையன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "திருப்பாதீங்க டீச்சர்" என்றான். நான் திருப்பவில்லை. மறுநாள் அதே புத்தகத்தை அவனே எடுத்து வந்து வாசிக்கச் சொன்னான், அதே பக்கத்தில் மறுபடியும் நிறுத்தினான். பதினொரு நாள் இப்படியே நடந்தது. பன்னிரண்டாம் நாள் அந்தப் பக்கத்தை அவனே திருப்பினான்.

அவன் துயரம் அன்றோடு தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது அவனுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் ஒன்றை அன்று கண்டுகொண்டேன். தாங்க முடியாத ஒன்றைத் தன் வேகத்தில், தன் கையால், வேண்டும்போது நிறுத்தியும் வேண்டும்போது மூடிவைத்தும் பார்க்க அந்தப் புத்தகம் அவனுக்கு இடம் கொடுத்தது. தொலைக்காட்சி அதைச் செய்யாது, அது தன் போக்கில் ஓடிவிடும். பெரியவர்களாகிய நாமும் செய்வதில்லை. "அழாதே, ஆம்பளப் புள்ள அழலாமா" என்கிறோம், அல்லது "பாப்பா சாமிகிட்ட போயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறோம். நம் தவிப்பில் நாம் அவசரப்படுகிறோம். புத்தகத்துக்கு அவசரம் இல்லை.

அதன் பிறகு நான் படப் புத்தகங்களைத் தேடித்தேடி வாங்கத் தொடங்கினேன். நேஷனல் புக் டிரஸ்ட் 1957 முதல் இயங்கி வருகிறது. அதன் மெல்லிய புத்தகங்கள் என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாயின. சென்னையில் 1990-களில் தொடங்கப்பட்ட தாரா, தூலிகா ஆகிய பதிப்பகங்கள் படத்துக்கும் எழுத்துக்கும் சம மரியாதை கொடுத்து நூல்களை வெளியிட்டன. தூலிகாவின் நூல்கள் தமிழிலும் வந்தன. பெங்களூரிலுள்ள பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் ஏராளமான படக்கதைகள் தமிழிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. யாரும் அச்சிட்டும் கொடுக்கலாம். ஆகவே தமிழில் நூல்களே இல்லை என்று நான் முறையிடவில்லை. இருக்கிற நூல்கள் பிள்ளைகளிடம் போய்ச் சேராததும், சேர்ந்தாலும் நாம் அவற்றை அணுகுகிற முறையுமே என் கவலை.

ஒரு படக்கதைப் புத்தகம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விளக்க அனுமதி வேண்டுகிறேன். ஏனெனில் "இருபது வரிதானே" என்கிற கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது.

என் வகுப்பில் மிக அதிகம் கிழிந்து, மிக அதிகம் ஒட்டப்பட்ட புத்தகத்தில் இரண்டு பையன்களும் ஒரு பழைய சைக்கிள் டயரும் வருவார்கள். இருவரும் குச்சியால் தட்டி டயர் ஓட்டி விளையாடுவார்கள். ஒரு நாள் டயரைக் காணவில்லை. ஒருவன் மற்றவன்தான் எடுத்துவிட்டான் என்று எண்ணுகிறான். எழுத்தில் இருப்பது அவ்வளவுதான். ஆனால் படத்தில், பக்கத்தின் ஓரத்தில், சரிவில் தானாக உருண்டு வாய்க்காலுக்குள் விழும் டயர் வரையப்பட்டிருக்கிறது. நான் எழுத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் எழுந்து நின்று, "அவன் எடுக்கல டீச்சர், அவன் எடுக்கவே இல்ல!" என்று கத்துவார்கள். கதையில் இருப்பவனுக்குத் தெரியாத ஒன்று தங்களுக்குத் தெரிகிறது என்பதில் அவர்களுக்கு அவ்வளவு பதற்றம். 1983-ல் விம்மர், பெர்னர் என்னும் இரு உளவியல் ஆய்வாளர்கள் சிறு குழந்தைகளுக்கு ஒரு கதை சொல்லிச் சோதித்தார்கள். ஒரு பையன் ஓர் அலமாரியில் மிட்டாயை வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது தாய் அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் மிட்டாய் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்னும் எளிய உண்மை நான்கைந்து வயதில்தான் பிடிபடத் தொடங்குகிறது. நட்பில் வருகிற மனத்தாங்கல்களில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது, பெரியவர்களுக்கும் அப்படித்தான். அந்த டயர் புத்தகம் மூலையில் இருந்த ஒரு சிறு படத்தால் அதை என் வகுப்புக்குக் காட்டிவிட்டது.

புத்தகத்தை விரித்தால் தெரியும் அடுத்த இரண்டு பக்கங்களில் எழுத்தே கிடையாது. இடப்பக்க ஓரத்தில் ஒருவன், வலப்பக்க ஓரத்தில் மற்றவன், நடுவில் இரண்டு பக்கத்து வெள்ளைத் தாள், அதன் குறுக்கே புத்தகத்தைத் தைத்திருக்கும் மடிப்பு. "ரெண்டு பேரும் காய் விட்டுட்டாங்க" என்று முதல் வரிசைப் பெண் ஒருத்தி மெல்லச் சொன்னாள். நம் பிள்ளைகள் விரலை நீட்டிக் காய் விடுவதும், பிறகு பழம் விடுவதும் எவ்வளவு பழைய வழக்கமோ நான் அறியேன். பெரியவர்கள் யாரும் கற்றுக்கொடுக்காமல், பிள்ளைகளிடமிருந்து பிள்ளைகளுக்கே வந்து சேருகிற சடங்கு அது. காய்க்கும் பழத்துக்கும் இடையே சில மணி நேரமோ சில நாள்களோ இருக்கும். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு யார் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாமல் ஒரு பிள்ளை நிற்கிற நேரம் அது. அந்த நேரத்தைப் பற்றி நம் பாடநூல்களில் ஒரு வரி கூட நான் கண்டதில்லை. அந்தப் புத்தகம் அதற்கு இரண்டு முழுப் பக்கங்களைக் கொடுத்திருந்தது. அச்சில் காலியாகத் தெரிகிற அந்த இடத்துக்கும் சேர்த்துத்தான் நாம் விலை கொடுக்கிறோம்.

கடைசிப் பக்கத்தில் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. மழைக்குப் பிந்தைய சேற்றில் இரண்டு சோடிக் காலடித் தடங்களும் அவற்றின் நடுவே ஒரு டயர்த் தடமும் மட்டுமே இருக்கும். அப்பக்கத்தைப் பார்த்துவிட்டு என் பிள்ளைகள் எத்தனையோ கதைகள் சொன்னார்கள். வாய்க்காலில் டயரைக் கண்டெடுத்தவன் யார், முதலில் பேசியவன் யார், பேசாமலேயே சேர்ந்துவிட்டார்களா என்று ஒரு வாரம் விவாதம் நடந்தது. அதன் கீழே "நண்பனைச் சந்தேகிக்கக் கூடாது" என்று ஒரு வரி அச்சிட்டிருந்தால் அந்த விவாதம் அங்கேயே முடிந்திருக்கும். பிள்ளைகள் அந்த வரியை மனப்பாடம் செய்து ஒப்பித்திருப்பார்கள், ஒப்பித்துவிட்டு வெளியே போய் மறுபடியும் சண்டை போட்டிருப்பார்கள்.

நீதிக் கதைகள் வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். அவற்றைக் கேட்டே நானும் வளர்ந்தேன். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பஞ்சதந்திரத்தின் முதல் பகுதி நட்பைப் பிரிப்பதைப் பற்றியது, இரண்டாவது நட்பைப் பெறுவதைப் பற்றியது. இவை அரசகுமாரர்களுக்கு அரசியல் சூழ்ச்சி கற்பிக்கச் சொல்லப்பட்டதாகவே அந்நூல் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்கிறது. யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்பது அரசனுக்கு முதற்கவலை. ஆறு வயதுப் பிள்ளையின் கவலையோ வேறு: நேற்றுவரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள் இன்று ஏன் தள்ளி உட்கார்ந்தாள் என்பது. அந்தக் கவலைக்குச் சூழ்ச்சி தேவையில்லை, துணை தேவை.

இந்தத் தேவை எவ்வளவு பெரிது என்பதை 2021-ல் மறுபடியும் கண்டேன். கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏட்டளவில் இரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் அன்றுதான் முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்தார்கள். எழுத்துத் தெரியவில்லை என்பதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், எழுதினார்கள், திட்டங்களும் வந்தன. அவை வேண்டியவையே. ஆனால் அப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் போன இன்னொன்றும் இருந்தது. பக்கத்துப் பிள்ளையிடம் பென்சிலைக் கேட்டு வாங்கத் தெரியவில்லை, பிடுங்கினார்கள். தொட்டால் அடித்தார்கள், அல்லது ஒடுங்கினார்கள். அவர்களில் சிலர் தொற்றில் தாத்தாவையோ ஆயாவையோ இழந்தவர்கள், முகத்தைக் கூடப் பார்க்காமல். அந்த ஆண்டு என் கடைசி வகுப்பு. காலையில் முதல் பாடவேளையில் அரை மணி நேரம் படப் புத்தகம் வாசிப்பது என்று வைத்துக்கொண்டேன். புத்தகத்தைச் சுற்றி நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருந்ததால் முதலில் தோள் இடிபடப் பழகினார்கள். பிறகு, "அவனுக்குப் படம் தெரியல டீச்சர், இந்தப் பக்கம் காட்டுங்க" என்று ஒருவருக்காக ஒருவர் கேட்கத் தொடங்கினார்கள். என் பணிக்காலத்தில் நான் கேட்ட மிக இனிய வாக்கியம் அது.

இனி, மொழியைப் பற்றி ஒரு குறை. அயல்மொழியிலிருந்து பெயர்க்கப்படும் பல படக்கதைகளில் குழந்தை "சோகமாக உணர்ந்தது", "கோபமாக உணர்ந்தது" என்று வருகிறது. எந்தத் தமிழ்க் குழந்தையும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "அழுகை அழுகையா வருது" என்கும், "வயித்தப் பிசையுது" என்கும், "தொண்டையில என்னமோ அடைக்குது" என்கும், ஒன்றும் சொல்லத் தெரியாதபோது "ஒரு மாதிரியா இருக்கு" என்கும். நம் மொழி உணர்ச்சியை உடம்பில் வைத்துப் பேசுகிற மொழி. முகம் வாடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, வயிறு எரிகிறது. தொல்காப்பியம் இதற்கு மெய்ப்பாடு என்றே பெயர் வைத்திருக்கிறது: உள்ளத்தில் உள்ளது மெய்யில் புலப்படுதல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்றும் நான்கு நான்காகச் சொல்கிறது. அழுகைக்கு அது கூறும் காரணங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. தொடக்கப் பள்ளியில் பணியாற்றிய எவரும் இந்நான்கையும் நேரில் பார்த்திருப்பார்கள். எல்லோர் முன்னாலும் கேலிக்கு ஆளான பிள்ளையின் அழுகை வேறு, ஆசை ஆசையாக வளர்த்த ஆட்டுக்குட்டியை விற்றுவிட்ட வீட்டுப் பிள்ளையின் அழுகை வேறு, தம்பி பிறந்ததும் அம்மாவின் மடியிலிருந்து இறங்க நேர்ந்த பிள்ளையின் அழுகை வேறு, சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளையின் அழுகை வேறு. நான்குக்கும் நாம் சொல்வதோ "அழாதே" என்னும் ஒற்றைச் சொல். இவ்வளவு நுட்பமாக முகத்தையும் உடலையும் பார்க்கக் கற்றுத்தந்த ஒரு மரபில் வந்த நாம், முகத்தையும் உடலையும் வரைந்து காட்டுகிற படப் புத்தகத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. பெயர்ப்பவர்களும் எழுதுபவர்களும் பிள்ளைகள் பேசுவதைச் சிறிது நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதினால், அந்த இருபது வரியும் இருபது முத்துகளாக இருக்கும்.

படங்களைப் பற்றியும் இதே குறை உண்டு. தனி அறையில், தனிக் கட்டிலில் படுத்து, இருட்டுக்குப் பயப்படுகிற குழந்தையின் கதை நல்ல கதையே. ஆனால் ஒரே பாயில் ஐந்து பேர் படுக்கிற வீட்டுப் பிள்ளையின் அச்சம் வேறு இடத்தில் இருக்கிறது: குடித்துவிட்டு வரும் காலடி ஓசையில், கடலுக்குப் போன அப்பா திரும்பாத இரவில், திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போனவரின் கைப்பேசி அழைப்பு வராத ஞாயிற்றுக்கிழமையில். குழந்தை நூல்கள் பிள்ளைக்குக் கண்ணாடியாகவும் வேண்டும், பிறர் வாழ்வைக் காட்டும் சன்னலாகவும் வேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-ல் எழுதினார். நம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குச் சன்னல்கள் ஓரளவு கிடைத்துவிட்டன, கண்ணாடிகள் இன்னும் போதவில்லை.

குறிப்பாக ஒரு கதையை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன். என் வகுப்பில் இணைபிரியாமல் இருந்த இரு சிறுமிகளில் ஒருத்தி திடீரென்று மற்றவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். காய் கூட விடவில்லை. கேட்டபோது, "அவங்க வீட்ல தண்ணி குடிச்சேன்னு ஆயா திட்டிச்சு" என்றாள். மற்றவளுக்குக் காரணம் தெரியவில்லை, தான் என்ன தவறு செய்தோம் என்று யோசித்து யோசித்து, தன்னிடமிருந்த வண்ணப் பென்சில்களை எல்லாம் கொண்டுவந்து அவள் பையில் வைத்துவிட்டாள். பிள்ளைகளாகவே முறித்துக்கொள்ளும் நட்புக்குப் பழம் விடலாம், பெரியவர்கள் முறித்துவைத்த நட்புக்கு அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தமிழகத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சாதி முதன்முதலாக அறிமுகமாவது இப்படித்தான், ஒரு நட்பு காரணம் சொல்லப்படாமல் அறுவதன் வழியாக. அந்த இருவரையும் உட்காரவைத்து வாசிக்க அன்று என்னிடம் ஒரு புத்தகம் இல்லை. பாடநூலின் முதல் பக்கத்தில் தீண்டாமை ஒரு பாவச்செயல் என்று அச்சிட்டிருந்தது. அதை வாசிப்பதால் அந்தப் பென்சில்களுக்கு விடை கிடைக்கவில்லை. எழுத வல்லவர்கள் யாரேனும் அந்தப் பென்சில்களின் கதையை எழுதி, வரைய வல்லவர்கள் வரைந்தால், நான் சாவதற்குள் அதை ஒரு வகுப்பில் வாசித்துவிட ஆசைப்படுகிறேன்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். படப் புத்தகம் மருந்தும் அல்ல, மருத்துவரும் அல்ல. ஒரு பிள்ளையின் துயரத்தைக் கண்டதும் அதே துயரத்தைப் பற்றிய நூலை எடுத்து அதன் முகத்தின் முன் நீட்டுவது கொடுமையாகவும் முடியும். ஆழிப்பேரலைக்குப் பின் நானே ஒரு முறை அப்படிச் செய்தேன். கடலைப் பற்றிய ஒரு புத்தகத்தை, நன்மை என்று எண்ணி, வகுப்பில் திறந்தேன். ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். அன்று முதல் புத்தகங்களைப் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் பரப்பி வைத்துவிட்டு, எது வேண்டும் என்று அவர்களே எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வாசிப்பின்போது ஒரு பிள்ளை, தன் வீட்டிலோ வெளியிலோ தனக்குத் தீங்கு நடப்பதாகச் சொல்லிவிட்டால், அதை அடுத்த கதையால் மூடிவிடக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 ஒவ்வோர் ஆசிரியர் கையிலும் இருக்க வேண்டும்.

இனி நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வருகிறேன். நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன் எங்கள் சீர்காழியில் 1892-ல் பிறந்தவர். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. நான்கு வயது வாசகரும் வாசகரே. இந்திய மாநிலங்களிலேயே முதலாவதாக 1948-ல் பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென அழகான பகுதிகள் உள்ளன, நான் இரண்டையும் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் நான் பார்த்த ஊர்ப்புற நூலகங்களில் குழந்தை நூல்கள் பெரியவர் தோளுயர அலமாரியில், முதுகு மட்டும் தெரியும்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. பின் அடித்த மெல்லிய படப் புத்தகத்துக்கு முதுகே கிடையாது, இரண்டு தடித்த நூல்களுக்கிடையே அது மறைந்தே போகிறது. அட்டை முன்னோக்கித் தெரியும்படி தாழ்வான ஒரு சட்டம் அடித்து வைக்க ஊர்த் தச்சருக்கு ஒரு நாள் வேலை. படப் புத்தகத்தைப் பக்கக் கணக்கு வைத்து மதிப்பிடாதிருக்குமாறும் நூல் தேர்வில் பொறுப்புள்ளவர்களை வேண்டுகிறேன். பதினாறு பக்கமும் நான்கு வண்ணத்தில் அச்சாகும் நூலை, அதே பக்க அளவுள்ள கறுப்பு வெள்ளை நூலோடு நிறுத்துப் பார்த்தால் எந்தப் பதிப்பாளரும் அதைத் துணிந்து வெளியிட மாட்டார். ஒரு நூலைத் தேர்ந்தெடுக்கும் முன் அதைப் பத்துப் பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துப் பார்க்கட்டும், அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும்.

பள்ளிகளிலோ நிலைமை வேறு மாதிரி. புத்தகங்கள் வருகின்றன. பள்ளிக் கல்வித்துறையின் ஊஞ்சல், தேன்சிட்டு போன்ற சிறுவர் இதழ்களும், அத்துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளில் வந்த சிறு நூல்களும் மனமாரப் பாராட்டத்தக்கவை. ஆனால் புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டப்படுவதை நான் பல பள்ளிகளில் கண்டிருக்கிறேன், தலைமையாசிரியர்களின் அச்சமும் எனக்குப் புரியும். இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்பட்ட நூல் கிழிந்தால் தணிக்கையின்போது யார் பதில் சொல்வது? ஐந்து வயதுப் பிள்ளை வாசிக்கிற நூல் கிழியத்தான் செய்யும். அது நன்றாக வாசிக்கப்பட்டதற்கான அடையாளம். ஆண்டுதோறும் இத்தனை விழுக்காடு நூல்கள் பயன்பாட்டில் தேய்ந்தவை என்று கேள்வியின்றிப் பதிவேட்டிலிருந்து நீக்கிக்கொள்ளலாம் என ஒரு தெளிவான ஆணையைக் கல்வித்துறை பிறப்பித்தால், பல பீரோக்கள் மறுநாளே திறந்துகொள்ளும். அங்கன்வாடி மையங்களுக்கும் இது பொருந்தும். நூலின் அறிமுகம் உண்மையில் அங்கேதான் தொடங்க வேண்டும்.

ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. வாசித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள். "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்ட மறுநொடி பிள்ளையின் முகத்தில் தேர்வறை வந்து உட்கார்ந்துவிடும். மறுபடியும் வாசிக்கச் சொன்னால் மறுபடியும் வாசியுங்கள், அலுக்காமல் வாசியுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் காது கொடுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் சும்மா இருங்கள், பத்து நாள் கழித்துக் குளிக்கும்போதோ சோறு தின்னும்போதோ சொல்லும். படிக்கத் தெரியாத பெற்றோர், தங்களால் இது முடியாதே என்று வருந்த வேண்டியதில்லை. படத்தைப் பார்த்துப் பிள்ளையே உங்களுக்குச் சொல்லும், நீங்கள் "ம்" கொட்டினால் போதும். என் வகுப்புப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் தம் தாய்மார்களுக்கு வாசித்தார்கள்.

நான் பணி ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. என்னிடம் இப்போது நூற்றுக்கு மேற்பட்ட படக்கதைப் புத்தகங்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் ஒட்டுப் போட்டவை, அந்த டயர் புத்தகத்துக்கு அட்டையே மூன்றாவது. எங்கள் வட்டத்தில் உள்ள ஊர்ப்புற நூலகங்களில் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் குழந்தைகளுக்கு வாசிக்க உரியவர்கள் அனுமதி தருவார்களானால், புத்தகங்களோடும் உட்கார ஒரு பாயோடும் நானே வந்துவிடுகிறேன். என்னைப் போல ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் மாநிலமெங்கும் இருக்கிறார்கள். அவர்களும் தத்தம் ஊர் நூலகரை இந்த வாரமே போய்ப் பார்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
சீர்காழி வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.